எட்டாத குழியும் ஏட்டுச் சுரைக்காயும்



சாமுண்டி மலைப் படிகளில் ஏறி, மூச்சு வாங்க ஓரிடத்தில் நின்று, கீழே பார்த்திருப்பீர்கள். ஒருபுறம் அரண்மனையின் கோபுரங்கள். ஒருபுறம் லலித மகாலின் வெண்மாடம். இடையிலே பச்சைப் பட்டை விரித்தாற்போல ஒரு வெளி. குதிரைப் பந்தயத் திடலும் அதனோடு சேர்ந்த கோல்ஃப் திடலும்தான் அந்தப் பச்சை. “ஆகா, என்ன அழகு!” என்கிறோம், இறங்கிப் போகிறோம். அதற்குள்ளே என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்பானேன்? அது நம் ஆட்டம் அன்று என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டோம்.

“தமிழ் மாணவர் இதழில் கோல்ஃபா? எழுத வேறு பொருளா கிடைக்கவில்லை?” என்று நீங்கள் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. பொறுங்கள். நான் எழுத வந்தது செல்வர்களின் பொழுதுபோக்கைப் பற்றி அன்று; கற்பித்தலைப் பற்றி. ஒரு கலையைக் கற்க ஆசையோடு வருகிறவனிடம் நாம் எப்படிப் பேசுகிறோம், எவ்வளவு பேசுகிறோம், பேசியது அவனுக்குப் பயன்பட்டதா என்று திரும்பிப் பார்க்கிறோமா என்பதைப் பற்றி. அந்தக் குறை பளிச்சென்று தெரிகிற இடம் கோல்ஃப் திடல். ஏனென்றால் அங்கே பந்து பொய் சொல்வதில்லை. ஆசிரியர் சொன்னது சரியா தவறா என்பதை அது அடுத்த நொடியே சொல்லிவிடுகிறது.

நமக்கும் அதற்கும் என்ன?

கோல்ஃப் நம் மண்ணுக்கு நேற்று வந்ததன்று. கல்கத்தாவில் 1829-லேயே சங்கம் கண்ட ஆட்டம் அது. பிரிட்டனுக்கு வெளியே அதற்கு மூத்த கோல்ஃப் சங்கம் இல்லை. பெங்களூரில் 1876-ல் வேரூன்றியது. கொடைக்கானலில் 1895-ல் தொடங்கியது. சென்னையில் நந்தனத்திலும், உதகையிலும் இன்றும் ஆடப்படுகிறது. இங்கே மைசூரிலோ, ஜயசாமராஜேந்திர உடையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது கோல்ஃப் சங்கம். மைசூரின் கடைசி மன்னரான அவர், 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தவர். மைசூருக்கும் தமிழகத்துக்கும் உறவு சொல்ல அவர் பெயரே போதும்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்தான், அரசர் வளர்த்தார், அதிகாரிகள் ஆடினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அந்த வேலிக்குள் பையைச் சுமந்தவர் யார்? புல்லை வெட்டியவர் யார்? பந்தைத் தேடிப் புதருக்குள் புகுந்தவர் யார்? நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தாம்! மட்டைப் பை சுமப்பவருக்கு அங்கே ‘கேடி’ என்று பெயர். நம் ஊரில் கேடி என்றால் காவல் நிலையப் பட்டியலில் பெயர் உள்ளவன். கோல்ஃப் திடலிலோ ஆட்டக்காரனின் கண்ணும் காதும் அவன்தான். அந்தக் கேடிகள் கூட்டத்திலிருந்து எழுந்தவர் தில்லியின் அலி ஷேர். 1991-ல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்று, அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 1993-ல் மீண்டும் வென்றார். அதே வழியில் வந்தவர் பெங்களூரின் சின்னசாமி முனியப்பா; 2009-ல் அதே பட்டம் அவர் கைக்கு வந்தது. பெங்களூரில் பிறந்த அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக நின்ற நாளை நினைத்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டு 7, சனிக்கிழமை காலை. கோல்ஃப் என்றால் என்னவென்றே அறியாத எத்தனை வீடுகள் அன்று தொலைக்காட்சியின் முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன!

ஆகவே, இது நம் ஆட்டம் அன்று என்ற பேச்சை விட்டுவிடுவோம். “நிலத்தையும் நீரையும் விழுங்கும் ஆட்டம் அல்லவா?” என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. புதிய திடல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருக்கிற திடல் இன்னும் பலருக்குப் பயன்படட்டும் என்றே கேட்கிறேன். அதற்கு முதல் தடை வேலி என்றால், இரண்டாவது தடை கற்பிக்கும் முறை.

ஒன்பது கட்டளைகள்

என் கதையைச் சொல்கிறேன். நண்பனின் உறவினர் ஒருவர் வேறோர் ஊரில் கோல்ஃப் ஆடுபவர். விடுமுறையில் எங்களை அழைத்துச் சென்றார். ஆட்டம் பிடித்துப்போயிற்று. இரண்டு மாதம் கைச்செலவில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொடுத்துப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஆசிரியர் நல்லவர், திறமையானவர், அவர் அடித்தால் பந்து பருந்தாகப் பறக்கும். நான் முதல் பந்தை அடித்தேன். அது புல்லில் உருண்டு பத்தடியில் நின்றது.

“தலையை அசைக்காதே,” என்றார். அடித்தேன். “இடது முழங்கையை மடக்காதே,” என்றார். அடித்தேன். “இடுப்பு முதலில் திரும்ப வேண்டும்.” “பிடியைத் தளர்த்து.” “எடையை முன்காலுக்கு மாற்று.” “மணிக்கட்டை விடாதே.” “முதுகு நிமிராதே.” “கண் பந்திலேயே இருக்கட்டும்.” கடைசியாக, “உடம்பை இறுக்காதே, இயல்பாக அடி!” என்றார்.

ஒரு மணி நேரத்தில் ஒன்பது கட்டளைகள்! எட்டைக் காப்பாற்றும் கவலையில் இருப்பவன் ஒன்பதாவதாக இயல்பாக இருப்பது எப்படி? பாடம் முடியும்போது என் பந்து பத்தடி கூடப் போகவில்லை. மூன்று பாடங்களுக்குப் பின் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: நான் இதற்கு லாயக்கற்றவன்.

நான்காம் நாள் ஆசிரியர் வரவில்லை. பந்து பொறுக்கிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர், தருமபுரிப் பக்கத்துத் தமிழர், சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, கோவிச்சுக்காதீங்க. பந்தைத் தூக்கறதுக்கு நீங்க ஏன் பாடுபடறீங்க?”

“தூக்காமல் எப்படிண்ணே மேலே போகும்?”

“அதுக்குத்தான் மட்டை சாய்வா இருக்கு. பந்துக்கு அந்தப் பக்கம் நாலு விரக்கடை தள்ளி இருக்கற புல்லைச் சீவுங்க. பந்து தானா எழும்பும்.”

புல்லைச் சீவினேன். பந்து எழுந்தது! நூறு கெசம் போயிருக்கும். அன்று நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் வீடு திரும்பும்போது மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் வந்தது. ஒன்பது கட்டளைகளால் ஆகாதது ஒரே ஒரு வாக்கியத்தால் எப்படி ஆயிற்று?

ஆராய்ச்சி சொல்வது என்ன?

அந்தப் பெரியவர் சொன்னதை ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். காப்ரியல் வுல்ஃப் என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் 1999-ல் கோல்ஃப் அறியாத புதியவர்களைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு சாராரிடம் கைகளின் வீச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மற்றொரு சாராரிடம் மட்டை ஊசலாடுவதைக் கவனிக்கச் சொன்னார்கள். மட்டையைக் கவனித்தவர்கள்தாம் குறி தவறாமல் அடித்தார்கள். பயிற்சியின்போது மட்டுமன்று, மறுநாள் சோதித்தபோதும் அவர்களே முந்தினார்கள். உடலை நினைப்பவன் தடுமாறுகிறான். உடல் செய்ய வேண்டிய வேலையை நினைப்பவன் செய்து முடிக்கிறான். தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து நடக்கும் பெண், கழுத்துத் தசையையா எண்ணிக்கொண்டு நடக்கிறாள்?

இதைச் செய்து காட்டிய ஆசிரியர் முன்பே இருந்தார். எர்னஸ்ட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் முதல் உலகப் போரில், 1916-ல், வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். எடையை மாற்று, காலை ஊன்று, இடுப்பைத் திருப்பு என்ற பாடங்களெல்லாம் ஒற்றைக் காலனுக்கு எதற்கு உதவும்? ஆயினும் அவர் மீண்டும் ஆடினார், நன்றாகவே ஆடினார். மட்டையின் தலையை வீசத் தெரிந்தால் உடல் தன் வழியைத் தானே கண்டுகொள்ளும் என்ற உண்மை அவருக்குப் புலப்பட்டது. ஒரு கைக்குட்டையின் நுனியில் பேனாக்கத்தியைக் கட்டி ஊசலாட்டிக் காட்டுவார். அதுதான் அவருடைய பாடம். பிறகு நியூயார்க்கில் பல்லாண்டுகள் அதையே கற்பித்தார்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். மேலே தூக்கிய மட்டை கீழே இறங்கிப் பந்தைத் தொட ஏறக்குறையக் கால் வினாடிதான் ஆகிறது. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பதோ ஒரு வினாடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அந்தக் கால் வினாடிக்குள் ஒன்பது கட்டளைகளை நினைக்க எந்த மூளையாலும் முடியாது. ஒன்றை நினைக்கலாம். அந்த ஒன்றைத் தேர்ந்து கொடுப்பதுதான் ஆசிரியன் தொழில்.

அதிகம் அறிந்தவனுக்கு நெருக்கடியில் இன்னொரு துன்பமும் உண்டு. ரிச் மாஸ்டர்ஸ் என்பவர் 1992-ல் பந்தைக் குழிக்குள் உருட்டும் பயிற்சியில் ஓர் ஆய்வு செய்தார். விதிகளைப் படித்துப் பழகியவர்கள் ஒரு சாரார். விதி எதுவும் சொல்லித்தராமல், மனம் விதிகளைத் தேடவும் இடமின்றி வேறொரு வேலையில் ஈடுபடுத்தப்பட்டே பழகியவர்கள் ஒரு சாரார். பணமும் மதிப்பீடும் குறுக்கிட்டு நெஞ்சு படபடத்தபோது, விதி படித்தவர்கள் தேங்கினார்கள். மற்றவர்கள் மேலும் முன்னேறினார்கள். தேர்வு மண்டபத்தில் மனப்பாடக்காரன் முதல் வரியை மறந்து மொத்தத்தையும் கோட்டை விடுவதை நாம் பார்த்ததில்லையா? அதே கதைதான்.

பிறர் நோய்க்கு எழுதிய மருந்து

சொல்லப்படுவது அதிகம் என்பது ஒரு குறை. சொல்லப்படுவது யாருக்கு என்று பாராமல் சொல்வது அதைவிடப் பெரிய குறை.

பென் ஹோகன் என்ற அமெரிக்க வீரரின் ‘ஐந்து பாடங்கள்’ 1957-ல் நூலாக வந்தது. கோல்ஃப் உலகில் அதற்கு வேதத்துக்கு நிகரான மதிப்பு. ஆனால் ஹோகனுக்கு இளமையில் இருந்த நோய் என்ன? பந்து இடப்புறமாக வளைந்து ஓடும் நோய். அதைத் தடுக்கத் தக்க பிடியைக் கண்டார். அதையே நூலிலும் எழுதினார். புதிதாக ஆட வருபவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளதோ அதற்கு நேர்மாறான நோய். அவர்கள் பந்து வலப்புறமாக வளைகிறது. அவர்கள் ஹோகனின் பிடியைப் பிடித்தால் நோய் முற்றும்! நூல் தவறன்று, மருந்தும் தவறன்று. பக்கத்து வீட்டுக்காரனின் மருந்துச் சீட்டைக் காட்டி மருந்து வாங்கியதுதான் தவறு.

ஆசிரியர்கள் நம்பியதெல்லாம் உண்மையும் அன்று. பந்து முதலில் புறப்படும் திசை, மட்டை வீசப்படும் பாதையைப் பொறுத்தது என்று பாடநூல்கள் பல நெடுங்காலம் கற்பித்தன. டென்மார்க்கின் ‘ட்ராக்மேன்’ போன்ற ராடார் கருவிகள் வந்து அளந்தபோது தெரிந்தது வேறு. பந்து புறப்படும் திசையில் பெரும்பங்கு, தொடும் நொடியில் மட்டையின் முகம் நோக்கும் திசைக்கே உரியது. பழைய பாடத்தை நம்பி, வளையும் பந்தைத் திருத்தப் பாதையைத் திருப்பித் திருப்பி அலைந்தவர்கள் எத்தனை பேரோ!

எதைப் பழகுவது என்பதிலும் அதே கதை. “நீண்ட அடி காட்சிக்கு, குழியருகு ஆட்டமே காசுக்கு” என்பது திடல்களில் வழங்கும் பழைய பேச்சு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, லட்சக்கணக்கான அடிகளின் கணக்கை எடுத்து ஆராய்ந்து 2014-ல் நூல் எழுதினார். நல்ல ஆட்டக்காரனுக்கும் சாதாரண ஆட்டக்காரனுக்கும் உள்ள வேற்றுமையில் மூன்றில் இரண்டு பங்கு, குழியிலிருந்து நூறு கெசத்துக்கு அப்பால் அடிக்கும் அடிகளிலேயே பிறக்கிறது என்பது அவர் முடிவு. குழியருகே பழகுவது வீண் என்பதன்று பொருள். எவன் எங்கே அடிகளை இழக்கிறான் என்று எண்ணிப் பார்த்தபின் பாடத்தைத் தொடங்கு என்பதே பொருள்.

பவணந்தியார் கண்ட ஆசிரியர்கள்

இவையெல்லாம் நமக்குப் புதிய செய்திகளா? நன்னூலைப் புரட்டுங்கள். அந்த நூலைச் செய்வித்தவன் சீயகங்கன். கங்கர் வழியில் வந்தவன். கங்கர்களின் பழைய தலைநகரான தலக்காடு இந்த மைசூருக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில், மணல்மேடுகளுக்கிடையே இருக்கிறது. அவன் வேண்ட எழுதிய பவணந்தியார், இலக்கணத்தைத் தொடங்குமுன் கற்பித்தலுக்கே இலக்கணம் வகுத்தார். கற்பவன் எவ்வகையால் கொள்வானோ அவ்வகை அறிந்து கொடுப்பவனே ஆசிரியன் என்பது அவர் கருத்து. கோல்ஃப் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல பாடத்தை யாரும் எழுதிவிடவில்லை.

ஆசிரியர் ஆகாதவர்களுக்கும் அவர் உவமை சொன்னார். கழற்காய்களை ஒவ்வொன்றாகப் போட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் முன்பின்னாக உருண்டோடும். தான் முறையாகக் கற்றதை முறைமாற்றிக் கொட்டும் ஆசிரியன் கழற்குடம். என் ஒன்பது கட்டளை ஆசிரியர் அந்த வகை. பஞ்சடைத்த குடுவையிலிருந்து சிறிது சிறிதாகப் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு பாடத்தில் சொல்லக்கூடியதை இருபது பாடத்துக்கு இழுப்பவன் பருத்திக் குண்டிகை. தானாகப் பழம் விழுந்தால் உண்டு, ஏறிப் பறிக்க வழியில்லை என்று நிற்பது மடற்பனை. எப்போதோ மனம் வந்தால் ஒரு நுணுக்கத்தை உதிர்த்துவிட்டுப் போகும் மேதைகள் அந்த வகை. ஒருவன் நீர் ஊற்றி வளர்க்க, வேறொருவன் கொல்லையில் காய் உதிர்ப்பது முடத்தெங்கு. அதற்கு உதாரணம் நான் சொல்ல வேண்டியதில்லை. திடல்களைச் சுற்றிப் பார்த்தால் போதும்.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளமாட்டேன். மாணாக்கரிலும் கடையானவர்களைப் பவணந்தியார் காட்டியிருக்கிறார். ஒரு செடியில் ஒரு வாய், மறு செடியில் மறு வாய் என்று மேய்ந்துகொண்டே போகும் ஆடு ஒருவன். காலையில் ஒரு வீடியோ, மாலையில் ஒரு வீடியோ, இரவில் ஒரு வீடியோ என்று கைபேசியில் மேயும் நம்மை அவர் அன்றே கண்டுவிட்டார்! நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரி இன்னொருவன். ஆசிரியர் சொன்ன பத்தில் பயனுள்ள ஒன்றை நழுவவிட்டு, பயனற்ற ஒன்பதைப் பத்திரப்படுத்துபவன் அவன். ஒரே பாடத்தில் வீரனாகிவிட வேண்டும் என்று துடிப்பவனுக்கு, ஆசிரியரும் வேறு வழியின்றி ஒன்பதையும் ஒரே நாளில் கொட்டுகிறார். குற்றம் இருபுறமும் உண்டு.

செய்ய வேண்டியது என்ன?

அமெச்சூர் என்ற சொல்லின் வேர் லத்தீனில் ‘அன்பு செய்பவன்’ என்ற பொருளுடையது. பணத்துக்காக அல்லாமல் அன்பினால் ஆடுபவன் அவன். அவனுக்கு வாரத்தில் கிடைப்பது இரண்டு மணி நேரம். வயது ஐம்பது இருக்கலாம். முதுகு வலி இருக்கலாம். எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்த உடல் இருக்கலாம். நாள் முழுதும் பயிலும் வீரனுக்கு வெட்டிய சட்டையை இவனுக்கு மாட்டினால் எப்படிப் பொருந்தும்? ஆகவே என் வேண்டுகோள்கள் இவை.

முதலாவது, முதல் பாடத்தில் ஆசிரியர் வாய் திறக்க வேண்டாம்; கண்ணைத் திறக்கட்டும். மாணவனை மூன்று குழி ஆடவிட்டுப் பின்னால் நடக்கட்டும். எங்கே அடிகள் வீணாகின்றன என்று குறித்துக்கொள்ளட்டும். வாரத்துக்கு எத்தனை நேரம் உண்டு, உடம்பில் என்ன தொல்லை, எதற்காக ஆட வந்தாய் என்று கேட்கட்டும். நாடி பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியனை நாம் ஏற்போமா?

இரண்டாவது, ஒரு பாடத்துக்கு ஒரு சொல். அதுவும் உடலுறுப்பைப் பற்றிய சொல்லாக இராமல், மட்டையையும் புல்லையும் பந்தையும் குறியையும் பற்றிய சொல்லாக இருக்கட்டும். மாணவன் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகட்டும்.

மூன்றாவது, பயிற்சித் திடலில் ஒரே மட்டையால் ஒரே திசையில் நூறு பந்து அடிக்கும் பழக்கம் குறைய வேண்டும். ஐம்பதாவது பந்து அழகாகப் பறக்கும், மனம் மகிழும். ஆனால் ஆட்டத்தில் ஒரே அடியை இருமுறை யாரும் அடிப்பதில்லை. ஷே, மார்கன் என்ற இருவர் 1979-ல் கைவேலை ஒன்றைக் கொண்டு காட்டினார்கள்: ஒன்றையே திரும்பத் திரும்பப் பழகியவர்கள் பயிற்சியில் முந்தினார்கள், கலந்து கலந்து பழகியவர்கள் பயிற்சியில் தடுமாறினாலும் பின்னால் நடந்த சோதனையில் முந்தினார்கள். இருபது பந்து போதும். ஒவ்வொன்றுக்கும் வேறு மட்டை, வேறு குறி. கசக்கும், ஆனால் உடம்பில் ஒட்டும்.

நான்காவது, பாடத்தின் வெற்றியைப் பாடம் முடியும் நேரத்தில் அளக்க வேண்டாம். ஆசிரியர் பக்கத்தில் நின்று ஒவ்வோர் அடிக்கும் திருத்தம் சொல்லும்போது எல்லோரும் நன்றாகவே அடிப்பார்கள். கையைப் பிடித்து எழுதவைத்த எழுத்து குழந்தையின் எழுத்தாகுமா? இரண்டு வாரம் கழித்து, அவன் தனியே ஆடும்போது எப்படி ஆடுகிறான் என்பதே அளவுகோல். ஆசிரியர் ஒருமுறை கேட்டால் போதும்: “போன பாடம் உனக்கு உதவியதா?” இந்த ஒரு கேள்வி கற்பித்தலை எவ்வளவோ திருத்திவிடும்.

ஐந்தாவது, இதுவே என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது. திடலில் பல்லாண்டு நடந்து, ஆயிரம் ஆட்டக்காரர்களின் அடிகளைக் கண்ட கேடிகளுக்கு ஆசிரியப் பயிற்சி கிடைக்க வேண்டும். பயிற்றுநர்களுக்குப் பாடம் நடத்திச் சான்றிதழ் வழங்க இந்தியத் தேசிய கோல்ஃப் கழகம் என்ற அமைப்பு இருக்கிறது. அந்தப் பாடம் ஆங்கிலம் அறிந்தவருக்கு மட்டும் எட்டும் கனியாக இருத்தல் கூடாது. கன்னடத்திலும் தமிழிலும் கைப்புத்தகங்கள் வேண்டும். எனக்குப் பாடம் சொன்ன பெரியவரிடம் அறிவு இருந்தது, அனுபவம் இருந்தது, எதிரே நிற்பவனின் நோய் அறிந்து ஒரே சொல்லில் தீர்க்கும் திறம் இருந்தது. இல்லாதது ஒரு தாள், ஒரு சான்றிதழ். அது இல்லாததால் அவர் பந்து பொறுக்குகிறார். இது அவருக்கு இழப்பு. அவரிடம் கற்றிருக்கக்கூடிய நூறு பேருக்கும் இழப்பு.

மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியதும் உண்டு. கோல்ஃப் கலைச்சொற்களுக்குத் தமிழில் ஒரு சிறு பட்டியல் செய்யலாம். வீச்சு, பிடி, குழி, மணற்குழி, சாய்வு என்று பாதிச் சொற்கள் ஏற்கெனவே நம் வாயில் இருக்கின்றன. கன்னட நண்பர்களோடு சேர்ந்து செய்தால் இரு மொழிக்கும் பயன். இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமே நம் மானசகங்கோத்ரியில் இருக்கும்போது வழிகாட்ட ஆளா கிடைக்காது? சங்கங்களின் வாயிலில் நின்று, “வாரத்தில் ஒரு காலைப்பொழுது, கூட்டம் இல்லாத வேளையில், கல்லூரி மாணவர்களுக்குக் கதவைத் திறவுங்கள்” என்று பணிவோடு கேட்கலாம். பணிவோடு கேட்பதில் நமக்கு இழுக்கில்லை. திறந்து கொடுப்பதில் அவர்களுக்கும் இழப்பில்லை.

முடிவாக

கோல்ஃப் குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு சாண் கூட இல்லை. அந்தச் சின்னக் குழியை நோக்கி நானூறு கெசம் தள்ளி நின்று ஒருவன் அடிக்கிறான். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஒன்றே அவனை அங்கே நிறுத்துகிறது. கற்பித்தல் அந்த நம்பிக்கையை வளர்க்க வேண்டும். ஒன்பது கட்டளைகளால் நசுக்கக் கூடாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் வீட்டுப் பழமொழி. எவ்வளவு உயர்ந்த சுரைக்காயானாலும், சமைப்பவன் சட்டியில் விழுந்தால்தான் கறி.

நாளை நம்மில் பலர் ஆசிரியர் ஆவோம். சிலர் கரும்பலகையின் முன் நிற்போம். சிலர் தொழிற்சாலையில் புதியவர்களைப் பழக்குவோம். சிலர் வீட்டில் தம்பி தங்கையருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்போம். எதிரே ஒருவன் தடுமாறும்போது ஒன்பது குற்றங்கள் நம் கண்ணுக்குத் தெரியும். ஒன்பதையும் சொல்ல நாக்கு துடிக்கும். அப்போது அந்தத் தருமபுரிப் பெரியவரை நினைத்துக்கொள்வோம். சற்று நேரம் சும்மா நின்று பார்ப்போம். பிறகு, அவனுக்கு வேண்டிய ஒன்றை மட்டும், அவனுக்கு விளங்கும் சொல்லில் சொல்வோம்.

பந்து தானாக எழும்பும்.